ஒருமுறை வரைந்து அறுபது இடங்களில் பயன்படுத்துவது: எச்எம்ஐ திரைகளுக்கான மறுபயன்பாட்டுக் கூறுகள்

ஓர் ஆலையின் ஸ்காடா திரைகளில், அதாவது ஆபரேட்டர்கள் ஆலையைக் கண்காணித்து இயக்கும் எச்எம்ஐ திரைகளில், 60 மோட்டார்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் மோட்டாரை வரைந்துவிட்டு, அதை நகலெடுத்து ஒட்டி, டேக்குகளின், அதாவது திரைக்குத் தரவு தரும் மாறிகளின், பெயர்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் ஓரிரு நாட்களில் திரைகள் தயாராகிவிடும். சிக்கல் கமிஷனிங்கின்போதுதான், அதாவது ஆலையை இயக்கத்துக்குக் கொண்டுவரும்போதுதான், தலைகாட்டும். ஒவ்வொரு மோட்டாரும் இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதையும் காட்ட வேண்டும் என்று ஆலைத் தரப்பினர் நியாயமாகவே கேட்பார்கள். அப்போது 60 இடங்களில் கை வைக்க வேண்டியிருக்கும். இரண்டு மூன்று இடங்களிலாவது பிழை நேரும். அந்தப் பிழை எங்கே இருக்கிறது என்பது, அந்த மோட்டார் பழுதாகி ஒருவர் அந்தத் திரையை நம்பிப் பார்க்கும் நாள்வரை யாருக்கும் தெரியாது.

மறுபயன்பாட்டுக் கூறு இந்த நிலையைத் தவிர்க்கிறது. உருவமும் நடத்தையும் ஒரே இடத்தில் மூலமாக இருக்கும். திரைகளில் இருப்பவை அதன் பிரதிகள். மூலத்தைத் திருத்தினால் பிரதிகளும் மாறும். பெயர் மட்டும் மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபடும். சீமென்ஸின் டிஐஏ போர்ட்டலில் இது பேஸ்பிளேட். ராக்வெல்லின் ஃபேக்டரிடாக் வியூவில் குளோபல் ஆப்ஜெக்ட். இக்னிஷனின் விஷன் பகுதியில் டெம்ப்ளேட், பெர்ஸ்பெக்டிவ் பகுதியில் வியூ. கோடெசிஸில் ஃபிரேமுக்குள் அழைக்கப்படும் விஷுவலைசேஷன். அவீவா சிஸ்டம் பிளாட்ஃபார்மில் ஆப்ஜெக்ட் டெம்ப்ளேட்டோடு இணைந்த கிராஃபிக்ஸ். எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதை அந்தந்த மென்பொருளின் கையேடு சொல்லிவிடும். இங்கே எழுதுவது, எந்த மென்பொருளானாலும் நாமே எடுத்தாக வேண்டிய முடிவுகளைப் பற்றி. அவற்றுள் முதன்மையானதை இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஒரு கோடு வரைவதற்கு முன்பே, இந்தக் கூறு வெளியிலிருந்து எதை வாங்கும், வெளியே எதை அனுப்பும் என்பதைத் தாளில் எழுதி முடித்துவிட வேண்டும். படத்தில் தொடங்கியவர்கள் பாதி வழியில் திரும்பி வந்து மீண்டும் தொடங்குவதைப் பல திட்டங்களில் பார்த்திருக்கிறேன்.

எவற்றைக் கூறுகளாக்குவது

ஆலையின் கருவிப் பட்டியலை எடுத்து வகைவாரியாக எண்ணிப் பாருங்கள். மோட்டார், திறந்து மூடும் வால்வு, அளவீட்டுக் கருவி, பிஐடி கட்டுப்பாட்டு வளையம் (ஓர் அளவை இலக்கு மதிப்பில் தானாக வைத்திருப்பது) ஆகிய நான்கும் ஏறத்தாழ எல்லா ஆலைகளிலும் பட்டியலின் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும். 1995-இல் வெளிவந்த ஐஎஸ்ஏ-88 தரநிலை ‘கண்ட்ரோல் மாட்யூல்’ என்று குறிப்பிடுவது ஏறக்குறைய இந்த அளவிலான அலகைத்தான். நல்ல கூறுக்கும் அதுவே பொருத்தமான அளவு. ஒரு தொட்டியை அதன் பம்பு, வால்வு, மட்ட அளவீடு எல்லாவற்றோடும் சேர்த்து ஒரே கூறாக்க ஆசை வரும். ஆனால் இரண்டாவது தொட்டியில் வால்வு ஒன்று கூடுதலாக இருந்தாலே அந்தக் கூறு பயன்படாமல் போய்விடும். ஆகவே சிறிய கூறுகளைச் செய்து, அவற்றைச் சேர்த்துப் பெரியதைக் கட்டுவதே பாதுகாப்பானது. ஆலையில் ஒரே ஒரு முறை வரும் கருவியை நேரடியாகத் திரையில் வரைந்துவிடலாம். அதற்குக் கூறு தேவையில்லை.

தரவின் வடிவம்

இனி மோட்டாரையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு செல்வோம். பிஎல்சியில், அதாவது கருவிகளை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியில், மோட்டாருக்கென்று ஒரு யூடிடி, அதாவது பயனர் வரையறுக்கும் தரவு வகை, இருக்க வேண்டும். 1993-இல் முதற்பதிப்பு கண்ட ஐஇசி 61131-3 தரநிலை, இத்தகைய கட்டமைப்புத் தரவு வகைகளையும் ஃபங்ஷன் பிளாக்குகளையும் (தமக்கெனத் தரவு வைத்திருக்கும் மறுபயன்பாட்டு நிரல் துண்டுகள்) பிஎல்சி நிரலாக்கத்தின் பொதுச் சொத்தாக்கிவிட்டது. மோட்டாரை இயக்கும் ஃபங்ஷன் பிளாக் ஒன்று, அதன் தரவைத் தாங்கும் யூடிடி ஒன்று, அதைக் காட்டும் திரைக்கூறு ஒன்று என மூன்றும் ஒன்றையொன்று ஒத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. பிஎல்சியில் டேக்குகள் சிதறிக் கிடக்க, எச்எம்ஐயில் மட்டும் அழகான கூறு செய்ய முயன்றால், ஒவ்வொரு பிரதிக்கும் 20 டேக்குகளைக் கையால் இணைக்க நேரும். நகலெடுத்து ஒட்டுவதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

யூடிடியை நான்கு தொகுதிகளாகப் பிரிப்பது என் வழக்கம். முதலாவது நிலை: ஓடுகிறது, நின்றிருக்கிறது, தொடங்கிக்கொண்டிருக்கிறது, ட்ரிப் ஆகியிருக்கிறது (பழுதால் தானாக நின்றுவிட்டது), ஆட்டோவா மேனுவலா, இன்டர்லாக் (ஓடவிடாமல் தடுக்கும் நிபந்தனை) உள்ளதா என்பன. இரண்டாவது கட்டளை: ஸ்டார்ட், ஸ்டாப், ரீசெட், மோட் மாற்றம். மூன்றாவது அமைப்பு மதிப்புகள்: தொடங்குவதற்கான காலவரம்பு, மின்னோட்ட எச்சரிக்கை எல்லை போன்றவை. நான்காவது அடையாளம்: கருவி எண், விளக்கம், அளவீட்டு அலகு. நிலைத் தொகுதியை எச்எம்ஐ படிக்க மட்டுமே வேண்டும். கட்டளைத் தொகுதியில் எழுதலாம். இந்த எல்லையைத் தெளிவாக வைத்திருந்தால் பின்னர் யார் எதை மாற்றினார்கள் என்ற குழப்பம் எழாது.

கட்டளையைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும், ஏனெனில் உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது. ‘அழுத்தும்போது 1, விடும்போது 0’ என்று பொத்தானை அமைப்பது எளிது. ஆபரேட்டர் பொத்தானை அழுத்தியிருக்கும் அந்த அரை விநாடியில் நெட்வொர்க் துண்டிக்கப்பட்டால், 0 என்ற மதிப்பு பிஎல்சியைச் சென்றடையாது; ஸ்டார்ட் பிட் 1 ஆகவே நின்றுவிடும். அதனால் எச்எம்ஐ 1 என்று எழுத மட்டும் செய்யட்டும். பிஎல்சி அதை ஏற்றுக்கொண்டதும் தானே 0 ஆக்கட்டும். அடுத்தது இதைவிட நுட்பமானது. பல கட்டளைகளை ஒரே 16 பிட் வேர்டுக்குள் அடுக்கி வைத்தால், பல அமைப்புகளில் எச்எம்ஐ ஒரு பிட்டை மாற்றுவதற்கு முழு வேர்டையும் படித்து, அந்தப் பிட்டைத் திருத்தி, முழு வேர்டையும் திரும்ப எழுதும். படித்ததற்கும் எழுதியதற்கும் இடையில் பிஎல்சியோ இன்னொரு கணினியோ அதே வேர்டில் வேறொரு பிட்டை மாற்றியிருந்தால் அந்த மாற்றம் அழிந்துபோகும். எப்போதோ ஒருமுறை மட்டும் நிகழும் இத்தகைய பிழையைத் தேடிக் கண்டுபிடிப்பது மிகவும் கடினம். தனித்தனி பூலியன்களாக வைப்பது ஒரு வழி. கட்டளையை ஒரே முழு எண்ணாக, அதாவது 1 என்றால் ஸ்டார்ட், 2 என்றால் ஸ்டாப், 3 என்றால் ரீசெட் என்று அனுப்பி, பிஎல்சி அதை 0 ஆக்குவது இன்னொரு வழி. நான் பெரும்பாலும் இரண்டாவதையே தேர்ந்தெடுக்கிறேன். படிப்பதற்கு மட்டும் உள்ள நிலைத் தகவலை ஒரே வேர்டில் அடுக்குவதில் இந்த ஆபத்து கிடையாது; தரவுப் போக்குவரத்தும் குறையும்.

அவசர நிறுத்தம் இந்தக் கூறுக்குள் வரவே கூடாது. அதன் இடம் பாதுகாப்புச் சுற்று. திரையில் அதன் நிலையைக் காட்டலாம், அவ்வளவுதான்.

ஐகானும் பேஸ்பிளேட்டும்

மோட்டாருக்கு ஒரு கூறு என்று சொன்னாலும் நடைமுறையில் இரண்டு தேவைப்படும். ஒன்று, செயல்முறைத் திரையில் எப்போதும் தெரியும் சிறிய ஐகான். மற்றொன்று, ஐகானைத் தொட்டால் பாப்-அப்பாகத் திறக்கும் பேஸ்பிளேட் (டிஐஏ போர்ட்டலில் எல்லாக் கூறுகளுக்கும் உள்ள பெயர் இது; இங்கே இந்தப் பாப்-அப்பை மட்டும் குறிக்கிறேன்). இவற்றைத் தனித்தனி மூலங்களாகச் செய்வதற்குக் காரணம் அழகு மட்டும் இல்லை. ஒரு திரையில் 60 ஐகான்கள் இருந்து, ஒவ்வொன்றும் யூடிடியின் 40 உறுப்புகளையும் இணைத்துக்கொண்டால், திரை திறக்கும்போது 2,400 டேக்குகள் கேட்கப்படும். ஐகானுக்கு உண்மையில் தேவை நிலை எண், மோட், இன்டர்லாக், அலாரம், கருவி எண் ஆகிய ஐந்து மட்டுமே. அப்படிச் செய்தால் 300 டேக்குகளில் வேலை முடிந்துவிடும். திரை திறக்க நேரமாகிறது என்று ஆபரேட்டர்கள் குறைசொல்லும் இடங்களில் நான் முதலில் பார்ப்பது, ஐகானுக்குள் பேஸ்பிளேட்டின் தரவையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார்களா என்பதைத்தான்.

ஒரே ஒரு பாராமீட்டர்

பிரதிக்குப் பிரதி மாறுவது ஒரே ஒரு விஷயமாக இருக்க வேண்டும்: அந்த மோட்டாரின் யூடிடி எங்கே இருக்கிறது என்ற முகவரி. மற்ற அனைத்தும் அந்த முகவரியிலிருந்து வர வேண்டும். இக்னிஷனில் வியூவுக்கு டேக் பாதையை ஒரு பாராமீட்டராகக் கொடுத்து, உள்ளே மறைமுக இணைப்பால் உறுப்புகளைப் பெறலாம். டிஐஏ போர்ட்டலின் பேஸ்பிளேட்டில் இடைமுகத்தின் வழியாகக் கொடுத்ததைத் தவிர வெளியிலுள்ள எந்த டேக்கும் உள்ளே தெரியாது. தொடக்கத்தில் இது கட்டுப்பாடாகத் தோன்றினாலும் ஒழுங்கைக் காக்கும் நல்ல ஏற்பாடு. அங்கே இடைமுகத்தில் 20 தனி டேக்குகளை வைக்காமல், பிஎல்சி யூடிடியையே வகையாகக் கொண்ட ஓர் உறுப்பை வைத்தால் போதும். ஃபேக்டரிடாக் வியூவில் குளோபல் ஆப்ஜெக்ட் பாராமீட்டருக்கு எண்குறி கொண்ட இடங்காட்டி ஒன்றை வைத்து, பிரதியில் அதற்கு மதிப்புக் கொடுக்கிறோம். கோடெசிஸில் விஷுவலைசேஷனின் இடைமுகத்தில் மோட்டார் ஃபங்ஷன் பிளாக்கையே உள்வெளி மாறியாக அறிவித்துவிடலாம். அவீவாவில் ‘மீ’ என்ற சார்பு முன்னொட்டால், கிராஃபிக்ஸ் தன் ஆப்ஜெக்டைத் தானே அறிந்துகொள்ளும்.

இந்த விதியை நான் கற்றுக்கொண்டது ஒரு தவறிலிருந்து. பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆலையில் பம்புக்கான பேஸ்பிளேட்டுக்கு இரண்டு பாராமீட்டர்கள் வைத்திருந்தேன்: டேக் முகவரி ஒன்று, தலைப்பில் காட்டும் பெயர் ஒன்று. பி-101 ஐகானை நகலெடுத்து பி-102 ஆக்கும்போது பெயரை மாற்றினேன். முகவரியை மாற்ற மறந்துவிட்டேன். திரையில் ‘பி-102’ என்றே தெரிந்தது. ஆபரேட்டர் அதைத் திறந்து ஸ்டார்ட் கொடுத்தபோது ஓடத் தொடங்கியது பி-101. அருகில் யாரும் இல்லாததால் தீங்கு எதுவும் நேரவில்லை என்றாலும், அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பெயரும் பிஎல்சியில் உள்ள யூடிடியின் அடையாளத் தொகுதியிலிருந்தே வந்திருந்தால், தவறான முகவரி தவறான பெயரையே காட்டியிருக்கும். முதல் பார்வையிலேயே பிழை பிடிபட்டிருக்கும். அன்றிலிருந்து, கையால் தட்டச்சு செய்த தலைப்பை எந்தக் கூறிலும் நான் அனுமதிப்பதில்லை.

வரைதல்

2015-இல் வெளியான ஐஎஸ்ஏ-101 தரநிலை, எச்எம்ஐக்கென்று ஒரு கோட்பாட்டு ஆவணம், ஒரு நடைக் கையேடு, அவற்றிலிருந்து பிறக்கும் கருவித்தொகுப்பு என்ற வரிசையைச் சொல்கிறது. நாம் செய்யும் கூறுகள் அந்தக் கருவித்தொகுப்பில் அடங்கும். ஆகவே நிறம், எழுத்தளவு, கோட்டின் தடிமன் ஆகியவற்றை ஒவ்வொரு கூறிலும் புதிதாக முடிவு செய்யாமல், நடைக் கையேட்டில் ஒருமுறை எழுதிவிட்டு, மென்பொருள் இடம் கொடுத்தால் அவற்றைப் பொது ஸ்டைலாக வரையறுத்து, கூறுகள் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்படி செய்யுங்கள்.

வெளிர் சாம்பல் பின்னணி, இயல்பு நிலைக்கு மங்கிய நிறங்கள், அலாரத்துக்கு மட்டும் அடர்ந்த நிறங்கள் என்ற முறை இப்போது பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. ஓடும் மோட்டார்கள் எல்லாம் பளிச்சென்ற பச்சையாகவும் நின்றவை சிவப்பாகவும் இருந்தால், ட்ரிப் ஆன ஒன்று கண்ணில் படாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்களும் கட்டுப்பாட்டு அறையில் பணிபுரிவார்கள் என்பதால், எந்த நிலையையும் நிறத்தால் மட்டும் சொல்லக் கூடாது. உள்நிரப்பின் வேறுபாடு, ஓர் எழுத்து, ஒரு சிறு குறியீடு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று உடன் இருக்க வேண்டும். மேனுவலுக்கு ‘மே’ என்ற சிறு எழுத்து, இன்டர்லாக்குக்கு மூலையில் ஒரு சிறு கட்டம், அலாரத்தின் முன்னுரிமைக்கு ஏற்ப நிறமும் வடிவமும் எண்ணும் சேர்ந்த அடையாளம் ஆகியவை ஐகானுக்குப் போதும்.

ஒரே சமயத்தில் பல நிலைகள் உண்மையாக இருக்கும்போது எதைக் காட்டுவது என்ற வரிசையைத் தெளிவாக எழுதிவைக்க வேண்டும். ட்ரிப் ஆன மோட்டார் நின்றும் இருக்கும், மேனுவலிலும் இருக்கலாம். இந்த முடிவைத் திரையில் ஆறேழு நிபந்தனைகளாக எழுதுவதைவிட, பிஎல்சியின் ஃபங்ஷன் பிளாக்கிலேயே கணக்கிட்டு ஒரே நிலை எண்ணாக அனுப்புவது நல்லது. அப்போது கட்டுப்பாட்டு அறைத் திரையும் இயந்திரத்தருகே உள்ள சிறிய பேனலும் ஒரே விடையைச் சொல்லும். ஒன்றை மட்டும் பிஎல்சியால் சொல்ல முடியாது: தனக்கும் எச்எம்ஐக்கும் இடையிலான தொடர்பு அறுந்துவிட்டது என்பதை. டேக்கின் தரம் ‘நல்லது’ என்று இல்லாதபோது, கடைசியாகத் தெரிந்த மதிப்பை அப்படியே காட்டிக்கொண்டிருப்பது பொய் சொல்வதற்குச் சமம். ஆகவே எல்லாவற்றுக்கும் மேலான நிபந்தனையாகத் தரவின் தரத்தைக் கூறுக்குள்ளேயே சோதித்து, ஐகானைக் கோடிட்ட வடிவமாகவோ கேள்விக்குறியோடோ மாற்றிவிடுங்கள். பல மென்பொருள்கள் இதற்குத் தாமாகவே ஒரு மேற்பூச்சு இடுகின்றன; ‘பார்க்க அசிங்கமாக இருக்கிறது’ என்று அதை அணைத்துவிடாதீர்கள்.

பேஸ்பிளேட்டில் இடம் தாராளமாக உண்டு. அதில் மிகுந்த பயன் தருவது இன்டர்லாக் பட்டியல். ‘இன்டர்லாக் உள்ளது’ என்ற ஒற்றை வரியால் ஆபரேட்டருக்கு உதவியில்லை. எட்டு நிபந்தனைகளில் எது தடுக்கிறது, ட்ரிப் ஆனபோது முதலில் வந்தது எது என்பவை தெரிந்தால் பராமரிப்புப் பிரிவை நள்ளிரவில் அழைக்க வேண்டிய தேவை பல நேரங்களில் இருக்காது. நிபந்தனைகளின் விளக்கச் சொற்களும் யூடிடியிலிருந்தே வரட்டும். ஐஎஸ்ஏ-18.2 தரநிலை சொல்லும் வகையில் ஓர் அலாரம் தற்காலிகமாக ஒதுக்கிவைக்கப்பட்டிருந்தாலோ பணியிலிருந்து நீக்கப்பட்டிருந்தாலோ, அதுவும் பேஸ்பிளேட்டில் தெரிய வேண்டும்.

வேறுபாடுகளும் அனுமதிகளும்

சில மோட்டார்கள் இரு திசைகளிலும் ஓடும். சிலவற்றுக்கு விஎஃப்டி, அதாவது வேகத்தை மாற்றும் டிரைவ், இருக்கும். வேறுபாடு சிறியதாக இருந்தால், ‘மின்னோட்டம் காட்டவும்’ என்பது போன்ற ஒரு விருப்பத்தை வைத்து அந்தப் பகுதியை மறைக்கலாம். அதையும் பிரதியின் அமைப்பில் வைக்காமல் யூடிடியில் வைத்தால், ஒரே பாராமீட்டர் என்ற விதி கெடாது. இத்தகைய விருப்பங்கள் நான்கைந்தைத் தாண்டினால், அந்தக் கூறைப் புரிந்துகொள்ள அதைச் செய்தவராலேயே இயலாமல் போகும். விஎஃப்டி மோட்டாருக்கு வேக இலக்கு, உண்மை வேகம், டிரைவின் பிழை எண் என்று பலவும் கூடுவதால் அதைத் தனிக் கூறாகச் செய்துவிடுவதே நல்லது. ஸ்டார்ட், ஸ்டாப் பொத்தான்களை உள்ளடக்கிய சிறு கூறு இரண்டுக்கும் பொதுவாக இருக்கலாம்.

யார் எதை அழுத்தலாம் என்ற அனுமதியையும் மூலத்திலேயே வைத்துவிடுங்கள். ஆனால் மோட்டார் ஓடத் தகுதியான நிலையில் இருக்கிறதா என்ற முடிவு பிஎல்சியின் பொறுப்பு. பொத்தானை மங்கலாக்குவது ஆபரேட்டருக்குச் சொல்லும் செய்தி மட்டுமே. அதைப் பாதுகாப்பாகக் கருதக் கூடாது.

சோதனையும் பதிப்புகளும்

கூறு தயாரானதும் ஒரு சோதனைத் திரை செய்யுங்கள். போலியான யூடிடி பிரதிகளை வைத்து, ஒவ்வொரு நிலைக்கும் ஓர் ஐகானை வரிசையாக அடுக்குங்கள்: நின்றது, தொடங்குவது, ஓடுவது, ட்ரிப், மேனுவலில் ட்ரிப், இன்டர்லாக்குடன் ஓடுவது, முகவரியே இல்லாதது. கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இல்லாத டேக்கைக் கொடுத்தால் உங்கள் ஐகான் ‘நின்றது’ என்று காட்டுகிறதா, பிழை என்று காட்டுகிறதா என்பதை இங்கேதான் பார்க்க முடியும். விளக்கச் சொல் மிக நீளமானால் என்ன ஆகிறது என்பதையும் பாருங்கள். இந்தத் திரையைத் திட்டம் முடிந்த பின்னும் அழிக்காதீர்கள். மூலத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் முதலில் திறக்க வேண்டியது இதுவே.

மூலத்தில் ஒரு திருத்தம் 60 இடங்களில் பரவும் என்பது வசதி. தவறான திருத்தமும் அதே வேகத்தில் பரவும். டிஐஏ போர்ட்டலில் நூலக வகைகளுக்குப் பணியிலுள்ள பதிப்பு, வெளியிடப்பட்ட பதிப்பு என்ற வேறுபாடு உண்டு. வெளியிட்ட பின் பிரதிகளைப் புதுப்பிக்க வேண்டும். இந்த வசதி இல்லாத மென்பொருளில் கூறின் பெயரோடு பதிப்பு எண்ணைச் சேர்த்து, மாற்றக் குறிப்பை நீங்களே பராமரிக்க வேண்டியிருக்கும். இடைமுகத்தை மாற்றாமல் உருவத்தை மட்டும் மாற்றினால் அது சிறு பதிப்பு. இடைமுகத்தில் உறுப்பு ஒன்றைச் சேர்ப்பதோ நீக்குவதோ பெரிய பதிப்பு. ஏனெனில் அப்போது பிஎல்சியின் யூடிடியும் மாறும், யூடிடி மாறினால் பல பிஎல்சிகளில் அந்தத் தரவுப் பகுதி மீண்டும் தொடக்க மதிப்புகளுக்குப் போகக்கூடும், அதை ஓடும் ஆலையில் செய்ய முடியாது. இதனால்தான் யூடிடியில் தொடக்கத்திலேயே சில உதிரி உறுப்புகளை விட்டுவைக்கிறேன்.

பிரதியின் தொடர்பை முறித்து ‘இந்த ஒன்றை மட்டும்’ கையால் திருத்தும் வழி பல மென்பொருள்களில் இருக்கிறது. அவசரத்தில் ஒருவர் அதைச் செய்துவிட்டால், அடுத்த பதிப்பு அந்த மோட்டாருக்குப் போய்ச் சேராது. அதுபற்றி எச்சரிக்கையும் வராது. புதிய பதிப்பை ஆலையில் ஏற்றும் முன், முறிந்த பிரதிகள் உள்ளனவா என்று குறுக்குக் குறிப்புப் பட்டியலில் தேடுங்கள். பிறகு, முடிந்தால் முதலில் ஒரே ஒரு கணினியில் மட்டும் புதிய பதிப்பை ஏற்றி, ஒரு ஷிஃப்ட் முழுவதும் ஆபரேட்டரின் அருகில் அமர்ந்து அவர் எந்தப் பேஸ்பிளேட்டை எத்தனை முறை திறக்கிறார், திறந்தவுடன் கண் எங்கே போகிறது என்று கவனியுங்கள். அவர் தாளில் குறித்து வைத்துக்கொள்ளும் எண் எதுவோ, அடுத்த பதிப்பில் ஐகானுக்கு அருகே வர வேண்டிய எண் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.